இக்பியார்ஜுக் என்றே எழுதுங்கள்

தமிழில் நிலப்படங்களும் கலைக்களஞ்சியங்களும் தொகுக்கும் பெரியோர்க்கு,

வணக்கம். கனடாவின் பாஃபின் தீவின் வடக்கே, போர்டன் தீபகற்பத்தில் இருக்கும் இக்பியார்ஜுக் என்ற ஊர், ஆங்கிலத்தில் 'ஆர்க்டிக் பே', உங்கள் படங்களிலும் களஞ்சியங்களிலும் மறுபடியும் 'ஆர்க்டிக் விரிகுடா' என்றே அச்சாகியிருக்கிறது. படிப்பவர் அதை ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பெரும் பகுதி என்றுதான் எண்ணுவார். இந்த 'ஆர்க்டிக்' கடல் அல்ல. 1872இல் வில்லியம் ஆடம்ஸ் அங்கே ஓட்டிவந்த திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர்.

'விரிகுடா'வும் பொருந்தவில்லை. வங்காள விரிகுடாவுக்கு வழங்கும் சொல்லை இதற்கு எப்படிச் சூட்டுவது? லங்காஸ்டர் சவுண்டு என்னும் கடல்வழியிலிருந்து அட்மிரால்டி இன்லெட் என்னும் நீள்குடா வழியாகத் தெற்கே வந்து, கிழக்கே ஆடம்ஸ் சவுண்டுக்குள் திரும்பினால், அதன் வடகரையில் இருக்கிறது இந்தச் சிறுகுடா. சுற்றிலும் உயர்ந்த குன்றுகள். கடலுக்குத் திறந்திருப்பது ஒரு வாய் மட்டும். அந்நிலத்தின் பழங்குடிகளான இன்யூட் மக்கள் வைத்த பெயர் இக்பியார்ஜுக். 'பை' என்று பொருள். இடத்தின் வடிவத்தையே சொல்லும் பெயரை விட்டுவிட்டு, வந்துபோன கப்பலின் பெயரைப் பிழையாக மொழிபெயர்த்துப் போடுகிறோம்.

இதைவிட வேதனை தருவது, இன்யூட் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் 'க்யூ' (Q) எழுத்து. இன்யூட் மொழியில் அது அடித்தொண்டையில் பிறக்கும் ககரம். ஆங்கிலத்தைப் போல் அதன் பின்னால் உகரம் தானாக ஒட்டாது. ஆங்கிலப் பழக்கத்தில் 'இக்குவாலுயிட்' என்று எழுதிவிடுகிறார்கள். இகாலுயிட் என்றால் மீன் மிகுந்த இடம். நடுவில் அந்த உகரம் நுழைந்தால் பின்புறம் துடைக்காதவர்கள் என்று பொருள் மாறிவிடும். கனடாவின் நுனாவுட் பிரதேசத் தலைநகரின் பெயர் அது! நம் ஊர்ப் பெயரை யாராவது அப்படி எழுதினால் பொறுப்போமா?

பழைய ஆங்கிலப் பட்டியலை அப்படியே பெயர்ப்பதுதான் இதற்கெல்லாம் வேர். ஃப்ரோபிஷர் பே என்ற ஊர் 1987இலேயே இகாலுயிட் ஆயிற்று. ரிபல்ஸ் பே 2015இல் நௌயாட் ஆயிற்று. அந்தப் பழைய பெயருக்குரிய ஆங்கிலேயக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1576இல் அங்குள்ள குடாவை நீரிணை என்று நம்பினார். 1861இல் அமெரிக்கப் பயணி சார்லஸ் ஹால் நேரில் போய்ப் பார்த்த பிறகே அது குடா என்று உறுதியாயிற்று. படத்தில் ஏறிய பிழை இறங்க 285 ஆண்டுகள்.

ஆகவே வேண்டுகிறோம்: இக்பியார்ஜுக் என்று முதலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் பழைய பெயர் இன்னும் வழக்கில் இருப்பதால் அடைப்புக்குறிக்குள் 'ஆர்க்டிக் பே' இருக்கட்டும், மொழிபெயர்க்காமல். ஊரை நிலத்துக்குரிய எழுத்திலும் குடாவை நீருக்குரிய சாய்வெழுத்திலும் தனித்தனியே குறியுங்கள். அடுத்த பதிப்பிலாவது இதைச் செய்துதர அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.