குரலுக்கு ஒரு பிளாக் லேடி: ஃபிலிம்ஃபேர் விருதுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஃபிலிம்ஃபேர் விருதுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழன். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம், மற்ற தியேட்டர்களில் ஹிந்திப் படம் என்று ஓடியது என் இளமை. நடுவில் சில வருடங்கள் அந்தேரிப் பக்கத்து டப்பிங் ஸ்டுடியோக்களில் கூட்டக் குரல் கொடுத்துப் பிழைத்தேன். கல்யாண வீட்டுச் சலசலப்பு, கோர்ட் சீனில் எழும் முணுமுணுப்பு, அடியாட்கள் கத்தும் “பகடோ, பகடோ” எல்லாம் எங்கள் கைங்கரியம்தான். பயப்படாதீர்கள், எனக்கு விருது கேட்டு எழுதவில்லை.

நாயகிக்கும் நாயகனுக்கும் வசனம் பேசிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறவர்களுக்காகக் கேட்கிறேன். ‘பிளாக் லேடி’ என்று அழைக்கப்படும் உங்கள் விருதுச் சிலை பின்னணிக் குரல் கலைஞருக்கும் கிடைக்க, உங்கள் விழாவில் ஒரு பிரிவு வேண்டும்.

புதுப் பிரிவு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 1954-இல் பம்பாய் மெட்ரோ தியேட்டரில் முதல் விழா நடந்தபோது உங்களிடம் இருந்தது மொத்தமே ஐந்து பிரிவுகள். படம், இயக்குநர், நடிகர், நடிகை, இசையமைப்பாளர். பாடியவருக்கு இல்லை, பாட்டு எழுதியவருக்கும் இல்லை. ‘சோரி சோரி’ படத்துக்காக சங்கர்-ஜெய்கிஷனுக்கு விருது கிடைத்தபோது, விழாவில் ‘ரசிக் பல்மா’வைப் பாடச் சொல்லி லதா மங்கேஷ்கரைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். விருது மெட்டுக்குத்தானே, குரலும் வார்த்தையும் இல்லாமல் மெட்டை மட்டும் வாசித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் வாதம். 1959-இல் பின்னணிப் பாடகர் விருது வந்தது, முதலாவதாக வாங்கியவரும் லதாவே. பாடலாசிரியர் விருதும் அதே ஆண்டு தொடங்கி ஷைலேந்திராவுக்குப் போனது. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் தனித்தனி விருது என்று பிரிக்க மேலும் சில வருடங்கள் பிடித்தன. நடன இயக்குநருக்கோ 1989 வரை ஒன்றுமே கிடையாது. ‘ஏக் தோ தீன்’ பாட்டு ஊரையே ஆட்டிவைத்த பிறகுதான் சரோஜ் கானுக்காக அந்தக் கதவு திறந்தது. கேட்டால் திறக்கிற வீடுதான் உங்களுடையது, அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

டப்பிங் என்றால் எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பது என்று நினைப்பவர்கள் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பார்க்க வேண்டும். மைக் முன்னால் ஒரு ஸ்டாண்டு, அதில் பென்சிலால் மூச்சு விடும் இடங்கள் குறித்த வசனத் தாள். காதில் நடிகையின் பைலட் குரல், அதாவது படப்பிடிப்பில் பதிவான குரல், அதன் பின்னணியில் ஜெனரேட்டர் உறுமல். திரையில் அவர் உதடு திறக்கும் அதே நொடியில் இவர் உதடும் திறக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வளையலை எல்லாம் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். கஞ்சி போட்ட புடவை கட்டவே மாட்டார், சரசரப்பு மைக்கில் விழும். வயிறு உறுமினால் டேக் போச்சு என்று கைப்பையில் வாழைப்பழம் வைத்திருப்பார். ஒரு நாள் மரணப் படுக்கைக் காட்சி. அழுகையை மட்டும் பதினோரு டேக் எடுத்தார்கள். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த லூப்பில், அதாவது டப்பிங்குக்காக நறுக்கிய அடுத்த துண்டில், அதே பெண் ஐஸ்கிரீம் சாப்பிடும் சிரிப்புக்காக உள்ளே போனார். படம் வந்தது, விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த அழுகையைப் புகழ்ந்தார்கள். டைட்டிலில் அக்கா பெயரைத் தேடினேன், இல்லை.

உங்கள் சொந்த வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். ‘பூட் பாலிஷ்’ உங்களிடம் சிறந்த படம் என்ற விருதை வாங்கியது. அதில் நடித்த சிறுமி பேபி நாஸ், பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறப்புக் குறிப்பு பெற்றவர். அந்தக் குழந்தை வளர்ந்து, பின்னாளில் சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவிக்கு ஹிந்தியில் குரலானார். எண்பதுகளில் வடக்கே ஸ்ரீதேவியைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் நாஸின் குரலையும் சேர்த்துக் கொண்டாடினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. ‘ஆக்ரி ராஸ்தா’வில் ஸ்ரீதேவிக்கு நடிகை ரேகா குரல் கொடுத்தார். 1989-இல் ‘சாந்தினி’யில்தான் ஸ்ரீதேவி சொந்தக் குரலில் பேசினார். நாஸ் 1995-இல் போய்விட்டார். அந்தக் குரலுக்குக் கொடுக்க உங்களிடம் ஒரு பிரிவு இருக்கவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. ‘ஓம் சாந்தி ஓம்’ படத்துக்காக தீபிகா படுகோனுக்கு அறிமுக நடிகை விருது கொடுத்தீர்கள். அந்தப் படத்தில் அவருக்காகப் பேசியவர் மோனா கோஷ் ஷெட்டி. ‘குலாம்’ படத்தில் ராணி முகர்ஜிக்குப் பேசியதும் அவரே. தீபிகா மேல் எனக்குக் குறையே இல்லை. கண்ணும் நடையும் அவருடையவை, விருதும் அவருக்குத் தகும். பாதி நடிப்பு இன்னொருவருடைய தொண்டையிலிருந்து வந்ததே, அவருக்கு என்ன என்பதுதான் கேள்வி.

நட்சத்திரத்தின் மானம் போய்விடும், தயாரிப்பாளர்கள் பெயரைத் தரமாட்டார்கள் என்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், தெற்கிலிருந்து வரும் படத்துக்கு இந்தக் கூச்சம் இல்லை. ஹிந்தி ‘பாகுபலி’யில் பிரபாஸுக்கு சரத் கேல்கர், ஹிந்தி ‘புஷ்பா’வில் அல்லு அர்ஜுனுக்கு ஷ்ரேயாஸ் தல்படே என்று ஊருக்கே தெரியும். அதனால் பிரபாஸின் மவுசு ஒரு துளி குறைந்ததா? பாட்டுக்கு வாயசைப்பதை மறைக்காத ஹிந்தி சினிமா, வசனத்துக்கு வாயசைப்பதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? தமிழ்நாடு அரசும் கேரள அரசும் டப்பிங் கலைஞர்களுக்குத் திரைப்பட விருது தருகின்றன. அங்கே எந்த நாயகியும் அதனால் வீட்டுக்குப் போய்விடவில்லை.

2025 அக்டோபரில் அகமதாபாத்தில் எழுபதாவது விழாவை அமர்க்களமாக நடத்தினீர்கள். ஒரே இரவில் எல்லாம் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிரிவு தொடங்க நாளாகும் என்றால், முதலில் நுழைவுப் படிவத்தில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: ‘இந்த நடிகருக்கு வசனம் பேசியவர் யார்?’ நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் அந்தப் பெயரையும் நடிகர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, போடுங்கள். அக்கா இப்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார், சின்ன எழுத்தும் தெரியும்.

இப்படிக்கு,
கூட்டத்தில் கத்திய ஒருவன்
மாட்டுங்கா, மும்பை