எந்தச் செயின், எந்த பிரிட்ஜ் என்பதை வாலட் மறைக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல பிளாக்செயின்களை (கிரிப்டோ பணப் பதிவேடுகளை, சுருக்கமாகச் செயின்களை) ஒரே வாலட்டில் (கிரிப்டோ பணத்தைக் கையாளும் செயலியில்) கையாளும் வசதி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வசதி உண்மைதான். திரைக்குப் பின்னால் நடப்பது தெரியாததால் பணம் போவதும் உண்மை. அதற்காகவே இந்தக் கடிதம்.

வாலட்டுக்குள் காசு இருப்பதில்லை, அதை நகர்த்த உதவும் ரகசிய எண்ணான சாவிதான் இருக்கிறது. காசு அந்தந்தச் செயினின் பதிவேட்டில் இருக்கிறது. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வாலட் எடுத்துத் தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களே எல்லாச் சாவிகளுக்கும் மூலம். அவற்றிலிருந்து ஒவ்வொரு செயினுக்கும் தனிப் பாதையில் (சாவியைக் கணக்கிடும் எண் வரிசையில்) சாவி உருவாகிறது. பாதையில் பிட்காயினுக்கு 0, எத்தீரியத்துக்கு 60, சொலானாவுக்கு 501 என்று எண் உண்டு. வேறு வாலட்டில் அதே சொற்களைக் கொடுத்தும் இருப்பு பூஜ்யம் என்று காட்டினால், பெரும்பாலும் பாதைதான் வேறாக இருக்கும். சொலானாவில் இது அடிக்கடி நடக்கிறது: சில வாலட்கள் பாதையை ஒரு படி முன்னதாகவே முடித்துக்கொள்கின்றன. வாலட்டின் அமைப்புகளில் பாதையை மாற்றிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். அந்தப் பதற்றத்தில் ‘மீட்டுத் தருகிறோம்’ என்று வரும் தளத்தில் மீட்புச் சொற்களை உள்ளிட்டால்தான் பணம் நிஜமாகவே போகும்.

எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் ஆகிய செயின்கள் எல்லாவற்றிலும், சாவியால் மட்டும் இயங்கும் சாதாரணக் கணக்கின் முகவரி ஒன்றே. குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. பாலிகானில் அனுப்ப வேண்டியதை ஆர்பிட்ரமில் உங்கள் முகவரிக்கே அனுப்பிவிட்டால் நஷ்டமில்லை, வாலட்டில் நெட்வொர்க்கை (செயினை) மாற்றினால் பணம் தெரியும். எக்ஸ்சேஞ்சின் (கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனத்தின்) முகவரிக்கு, அவர்கள் ஏற்காத செயினில் அனுப்பினால் கதை வேறு. சாவி அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் மனம் வைத்தால்தான் மீளும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்டில், அதாவது செயினில் பதிந்த நிரலால் இயங்கும் வாலட்டில், ஆபத்து இன்னும் அதிகம். ஒரு செயினில் உங்களுடையதாக இருக்கும் முகவரி, இன்னொன்றில் இன்னும் உருவாக்கப்படாமலே இருக்கலாம். வின்டர்மியூட் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்துக்காக ஆப்டிமிசம் செயினில் அனுப்பப்பட்ட 2 கோடி ஓபி டோக்கன்கள் (கிரிப்டோ நாணயங்கள்) 2022 ஜூனில் இப்படித்தான் கைமாறின. எத்தீரியத்தில் இருந்த தன் வாலட் முகவரியை அந்த நிறுவனம் கொடுத்திருந்தது. ஆப்டிமிசத்தில் அதே முகவரியில் வேறொருவர் முந்திக்கொண்டு வாலட்டை உருவாக்கிவிட்டார். பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது.

கேஸ் கட்டணமும், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் செயினில் செலுத்தும் கட்டணமும், கவனிக்க வேண்டியது. பாலிகானில் டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி டோக்கன் எவ்வளவு இருந்தாலும், கட்டணத்துக்குப் பாலிகானின் சொந்த டோக்கனான பிஓஎல் கொஞ்சம் இல்லாவிட்டால் பொதுவாக அதை நகர்த்த முடியாது. ஆர்பிட்ரமிலும் பேஸிலும் கட்டணம் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில்தான், ஆனால் அந்த ஈத்தர் அந்தச் செயினிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது பிரிட்ஜ், அதாவது ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கனைக் கொண்டுசெல்லும் இணைப்பு. இரண்டு செயின்களுக்கு இடையே ‘ஸ்வாப்’ (மாற்று) பொத்தானை அழுத்தும்போது, வாலட் உங்கள் சார்பில் ஏதோ ஒரு பிரிட்ஜைத் தேர்ந்தெடுக்கிறது. பல பிரிட்ஜ்கள் அசல் டோக்கனை ஒரு பக்கம் பூட்டிவைத்துவிட்டு, மறுபக்கம் அதற்கு ஈடாக நகல் டோக்கன் வெளியிடுகின்றன. பூட்டு உடைந்தால் நகலுக்கு மதிப்பில்லை. 2022 பிப்ரவரியில் வார்ம்ஹோல் பிரிட்ஜில், ஈடே இல்லாமல் 1,20,000 நகல் ஈத்தர் உருவாக்கப்பட்டது. அடுத்த மாதம் ரோனின் பிரிட்ஜில், பரிமாற்றங்களை உறுதிசெய்யும் 9 சரிபார்ப்பாளர்களில் 5 பேரின் சாவிகள் திருடர்கள் கைக்குப் போக, 60 கோடி டாலருக்கும் மேல் பறிபோனது. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023 முதல் தரும் முறையில், டோக்கன் ஒரு பக்கம் அழிக்கப்பட்டு மறுபக்கம் அசலாகவே உருவாகிறது, நகல் கிடையாது. எந்த முறையில் போகிறது என்பதை வாலட் சொல்ல வேண்டும். ஆர்பிட்ரமில் ‘யுஎஸ்டிசி’, ‘யுஎஸ்டிசி.இ’ என இரண்டு டோக்கன்கள் இருப்பதும் இதனால்தான். இரண்டாவது, எத்தீரியத்தில் பூட்டிய யுஎஸ்டிசிக்கு ஈடான நகல். பெயரைப் பார்த்து நம்பாமல், டோக்கனை இயக்கும் நிரலான கான்ட்ராக்ட்டின் முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் ஆகியவற்றின் சொந்த பிரிட்ஜ் வழியே எத்தீரியத்துக்குத் திரும்ப எடுத்தால் ஏறத்தாழ 7 நாள் ஆகும். தவறான கணக்கை எதிர்த்து முறையிடுவதற்கான அவகாசம் அது, பணம் சிக்கிக்கொள்ளவில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்று, செலவு அனுமதி. ஒரு தளத்துக்கு டோக்கனை எடுக்க அனுமதி கொடுக்கும்போது பல தளங்கள் வரம்பில்லாத அளவையே கேட்கின்றன. உறுதிப்படுத்தும் முன் அந்த எண்ணை, தேவையான தொகைக்குக் குறைத்து எழுதலாம். எத்தீரியத்தில் அனுமதியை ரத்து செய்தால் பாலிகானில் ரத்தாகாது. ஒவ்வொரு செயினிலும் தனித்தனியாக, கேஸ் செலவழித்துச் செய்ய வேண்டும். 2025 மே மாதம் எத்தீரியத்தில் வந்த பெக்ட்ரா மாற்றத்துக்குப் பிறகு, சாதாரணக் கணக்கும் தன் அதிகாரத்தை ஒரு கான்ட்ராக்ட்டிடம் ஒப்படைக்கலாம். அதற்கு இடும் கையெழுத்தில் செயின் எண்ணை (எந்தச் செயினுக்கு என்பதைக் குறிக்கும் எண்ணை) 0 என்று போட்டால், இதே வசதி உள்ள பிற செயின்களிலும் கணக்கின் வரிசை எண் (அதன் பரிவர்த்தனைகளை எண்ணும் எண்) பொருந்தினால் அது செல்லும். இப்படி ஒன்று கேட்கப்பட்டால் வாலட் அதைத் தடுப்பதே சரி.

நெட்வொர்க் பெயரையே காட்டாத வாலட்கள் இப்போது வருகின்றன. கேஸ் கட்டணத்தைக் கையில் உள்ள டோக்கனிலேயே பிடித்துக்கொள்வது நல்ல முன்னேற்றம், வரவேற்கிறேன். பிரிட்ஜை மறைப்பதை ஏற்க முடியாது. எந்தச் செயினிலிருந்து எந்தச் செயினுக்கு, எந்த பிரிட்ஜ் வழியாக, கைக்கு வரும் டோக்கன் அசலா நகலா, குறைந்தது எவ்வளவு வரும் என்ற நான்கும் உறுதிப்படுத்தும் திரையிலேயே இருக்க வேண்டும். தாங்கள் அடுத்து வாலட்களை ஒப்பிட்டு எழுதும்போது, எத்தனை செயின்கள் என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இந்த நான்கில் எதையெல்லாம் அந்த வாலட் காட்டுகிறது என்பதையும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்