கைப்பிடி இல்லாத பெஞ்சு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அப்பா வழுக்கி விழுந்தார் என்று படித்ததும் நெஞ்சு பதறியது. எலும்பு முறிவு இல்லை என்ற வரிக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால், “நன்றாகத்தான் நடக்கிறார், வெளியே மட்டும் வரமாட்டேன் என்கிறார்” என்று எழுதியிருக்கிறாயே, அது என்னை விட்டுப் போகவே இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் உன் மகளின் கேள்வி. பூங்கா, பொழுதுபோக்கு மேலாண்மை என்ற படிப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள், அதை நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் நான் மறுபடி மாணவியானபோது நீயும் இதையேதான் கேட்டாய். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பல்கலைக்கழகம் எதற்கு என்றாய். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்காம் பருவத்துக்கு வந்துவிட்டேன். இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

செடிகளைப் பற்றி நாங்கள் படித்தது கொஞ்சம்தான். மனிதர்களைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். ஓய்வு நேரத்தில் ஒருவர் எதைத் தேடிப் போகிறார், எது அவரைப் போகவிடாமல் தடுக்கிறது என்பதில் படிப்பு தொடங்குகிறது. பிறகு பூங்கா திட்டமிடல், வரவு செலவு, விபத்துப் பொறுப்புச் சட்டம், புள்ளியியல், நிகழ்ச்சி அமைத்தல் என்று விரிகிறது. புள்ளியியல் என்னைப் பாடாய்ப்படுத்திவிட்டது, ஆனால் அது இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடிகூட நகர முடியாது.

எங்களுக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு பூங்காவில் போய் உட்காருவது. கால் மணிக்கு ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்வையை ஓட்டி, கண்ணில் படுகிறவர்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆணா, பெண்ணா, குழந்தையா, முதியவரா; உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடுகிறாரா. யாரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முதல் நாள் சலிப்பாக இருந்தது. நான்காம் நாள் எழுந்து வரவே மனமில்லை.

அங்கே ஒரு முதியவர் தினமும் மாலையில் வருவார். புதிதாகப் போட்ட வழவழப்பான பெஞ்சுகள் வரிசையாகக் காலியாக இருக்கும். அவற்றையெல்லாம் தாண்டிப் போய், பூச்செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த குட்டைச் சுவரில், இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். நிழலுக்காக என்று நினைத்தேன். மேகம் மூடிய நாளிலும் அதே இடம்தான். ஒருநாள் அவர் எழுந்திருப்பதைக் கவனித்தேன். இடது கை கம்பியைப் பற்றியது. வலது உள்ளங்கை சுவரில் ஊன்றியது. பாதி எழுந்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு மெல்ல நிமிர்ந்தார். நான் திரும்பி அந்தப் புதிய பெஞ்சுகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கைப்பிடி இல்லை. உட்காரலாம், எழுந்திருக்க எதைப் பிடிப்பது? அன்று மாலை என் நோட்டில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை. இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது அந்த மாலையில்தான்.

வகுப்பில் பெரிய விஷயங்களும் வரும். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்காவானது. இத்தகைய பூங்காக்களை நிர்வகிக்கத் தனித் துறை அமைந்தது 1916இல். அந்த ஆண்டுச் சட்டம் ஒரே மூச்சில் இரண்டு கடமைகளைச் சொல்கிறது: இயற்கையைக் காக்க வேண்டும்; மக்கள் அதைக் கண்டு மகிழவும் வழி செய்ய வேண்டும். அதுவும், பின்னால் வரும் தலைமுறைகளுக்கு ஒரு குறையும் இல்லாமல் போய்ச்சேரும்படி. மக்களை உள்ளே விட்டால் இடம் தேயும், விடாவிட்டால் அந்த இடம் யாருக்கு? நாங்கள் படிப்பதெல்லாம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டத்தான்.

அதே யெல்லோஸ்டோனில் மார்னிங் குளோரி என்று ஒரு வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. ஒரு காலத்தில் அடியாழம் வரை நீலம். பார்க்க வந்தவர்கள் அதில் காசுகளை எறிந்தார்கள், கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். வெந்நீர் வரும் வழி அடைபட்டு, குளத்தின் சூடு குறைந்தது. சூடு தணிந்த ஓரங்களில் நுண்ணுயிர்கள் படர்ந்து, மஞ்சளும் ஆரஞ்சும் உள்நோக்கி ஏறின. 1950இல் நீர்மட்டத்தைத் தாழ்த்திக் குளத்தைப் பொங்கவைத்தபோது, காசுகளோடு துண்டுகளும் கைக்குட்டைகளும்கூட வெளியே வந்தன. அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எறிந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கெடுக்க நினைத்திருக்க மாட்டார். ஆசைப்பட்டு வந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

புல் தரையைப் பற்றிப் படித்தது என்னை இன்னும் ஆச்சரியப்படுத்தியது. நடக்க நடக்க அதே அளவில் சேதம் கூடிக்கொண்டே போகும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. பெரும்பாலான சேதம் முதலில் விழும் கொஞ்சம் காலடிகளிலேயே நடந்துவிடுகிறது. தரை வெளுத்த பிறகு இன்னும் நூறு பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவுதான். அதனால் கூட்டம் வரும் இடத்தில் எல்லோரையும் ஒரே பாதையில் நடக்கவைக்க வேண்டும். பரவலாகப் போகச் சொன்னால் ஒரு வெளுத்த தடத்துக்குப் பத்துத் தடங்கள் மிஞ்சும். ஆள் அரவமே இல்லாத காட்டில் நேர்மாறு: ஒருவர் மிதித்த இடத்தில் அடுத்தவர் மிதிக்காமல் விலகி நடக்க வேண்டும். ஒரே நோக்கம்தான், இடத்துக்கு இடம் வழி தலைகீழாகிறது.

மலைப்பாதை போடுவதிலும் இப்படி நுணுக்கங்கள் உண்டு. பாதை ஏறும் சாய்வு, அந்த மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ஒரு கணக்கு. தாண்டினால் மழைத்தண்ணீர் குறுக்கே வழிந்து போகாமல் பாதையோடு ஓடி, அதையே வாய்க்காலாக அரித்துவிடும். பாதையில் தண்ணீர் தேங்கினால் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள்; மாதத்துக்கு மாதம் பாதை அகலமாகும். அங்கே எச்சரிக்கைப் பலகை நட்டுப் பயனில்லை. தண்ணீரை வெளியேற்றினால் போதும்.

களப்பயிற்சிக்குப் போன இடத்தில் நான் செய்த தவறை உன்னிடம் சொல்ல வேண்டும். அங்கே புல்வெளிக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. புல்லில் நடக்காதீர்கள் என்ற பலகை அதற்கு இரண்டடி தள்ளி நின்றது. முள்செடி வைத்து அடைத்துவிடலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, “நாளைக் காலையில் அங்கே போய் நில்லுங்கள், யார் நடக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்” என்றார். போய் நின்றேன். புத்தகப் பை சுமந்த பிள்ளைகள், வேலைக்கு விரையும் பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். எல்லோரும் மறுபக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனார்கள். நாங்கள் போட்டிருந்த அழகான வளைவுப் பாதை ஒரு பெரிய சுற்று. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சில வாரங்களில் அந்தத் தடத்தின் மேலேயே கல் பாவினார்கள், பலகையைப் பிடுங்கினார்கள். இருபக்கமும் புல் தானாக மூடிக்கொண்டது. எத்தனை வரைபடம் போட்டாலும், அங்கே தினமும் நடக்கும் கால்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிவதில்லை.

நியூயார்க்கில் பிரயன்ட் பார்க் என்று ஒன்று. 1970களில் போதைமருந்து விற்பவர்களின் இடமாக இருந்தது. சாதாரண மக்கள் உள்ளே போகப் பயந்தார்கள். வில்லியம் ஒயிட் என்ற சமூகவியலாளர் உற்றுப் பார்த்துச் சொன்ன காரணம் எளிமையானது: புதரும் வேலியும் மறைத்ததால், தெருவிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. மறைப்புகளை எடுத்து, நுழைவழிகளைக் கூட்டி 1992இல் மறுபடி திறந்தார்கள். தரையில் பதிக்காமல், இஷ்டம்போல் நகர்த்தும் நாற்காலிகளைப் போட்டார்கள். அந்த மனிதர் கண்டுசொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: இப்படி ஒரு நாற்காலி கிடைத்தால், உட்காருவதற்கு முன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார்களாம். இது என் இடம், நான் தேர்ந்துகொண்டது என்ற நிறைவு அந்த ஓரிரு அங்குலத்தில் வந்துவிடுகிறது.

பொழுதுபோக்கு என்ற சொல்லோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பொழுதைப் போக்குவதா இது? இளைப்பாறுதல் என்ற சொல்தான் சரி. புண் ஆறுவதுபோல் இளைப்பு ஆறுகிறது. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தோம். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகள். பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வலுவான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. எண்ணிக்கை சிறியது, அதை வைத்துப் பெரிதாக முழங்கக் கூடாது என்று எங்கள் வகுப்பாசிரியர் எச்சரித்தார். சரிதான். ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சன்னலைத்தான் பார்க்கிறேன். மறுவாழ்வுச் சிகிச்சையோடு சேர்ந்த பொழுதுபோக்குப் பணிக்கென்றே இந்தப் படிப்பில் தனிக் கிளை உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவரை மறுபடி தோட்ட வேலைக்கு, பந்து விளையாட்டுக்குக் கொண்டுவருவது அவர்கள் பணி.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். நகராட்சிப் பூங்காக்கள், சரணாலயங்கள், முதியோர் இல்லங்கள், விளையாட்டு மையங்கள் என்று இடங்கள் உண்டு. பெரிய சம்பளத்தை எதிர்பார்த்து வரக் கூடாது. ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் ஞாயிறும் திருவிழா நாளும்தான் நமக்கு முழு வேலை நாள். வீட்டாருக்கு அது பழக நாளாகும். இதை மறைக்காமல் அவளிடம் சொல். சேருவதற்கு முன் ஏதாவது ஒரு பூங்காவில், கைபேசியை எடுக்காமல், ஒரு நோட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல். அந்த நோட்டை எனக்கு அனுப்பட்டும். அதைப் படித்துவிட்டு என் மனத்தில் பட்டதை அவளுக்கே நேராக எழுதுகிறேன்.

இப்போது அப்பா. அவரை வற்புறுத்தாதே, பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லிவிடாதே. அவர் வழக்கமாக நடக்கும் வழியில் நீ ஒருமுறை தனியாகப் போய் வா. எத்தனை அடிக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது, அதற்குக் கைப்பிடி இருக்கிறதா, முதுகு சாய இடம் உண்டா, கழிவறை எவ்வளவு தூரம், எங்கே தரை ஈரமாகக் கிடக்கிறது என்று பார். கைப்பிடி உள்ள பெஞ்சு ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தால், முதல் வாரம் அதுவரை மட்டும் கூட்டிப்போ. எங்கும் இல்லையென்றால் எனக்கு எழுது. பூங்காவை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். இரண்டு கைப்பிடி கேட்டு எப்படி எழுதினால் கிடைக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுத் தோழி