தோட்டத்துக் கடையிலும் சாரா வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும், அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசு தரும் சாரா உதவியாக 100 வெள்ளி (ரிங்கிட்) கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால், அதைப் பதிவுபெற்ற கடைகளில், அடையாள அட்டையைக் காட்டி, குறிப்பிட்ட வகைப் பொருள்களுக்கு மட்டுமே செலவிட முடிந்தது. சுங்கை சிப்புட் பட்டணவாசிகளுக்கு இதில் சிரமமில்லை. உள்தோட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்), பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியே முழங்கால் தேய்ந்துபோன ஒரு பாட்டி, வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி கொடுத்துப் போய்த்தான் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தார். கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சம்பளம் வரும்வரை பொறுத்திருக்கும் எங்கள் தோட்டத்து மளிகைக்கடையில், அட்டையைச் சரிபார்க்கும் கருவி இல்லை.

2024 ஜூன் 10இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. தினமும் வந்த மீன் வேன் அதன்பிறகு வாரம் இருமுறைதான் வருகிறது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்கிறார்கள். குத்தகைக்காரரிடம் புல்வெட்டப் போகும் எங்கள் பெண்கள் அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதில்லை. மழை பெய்தால் அன்றைய கூலியும் போச்சு.

தோட்டத்துச் சிறுகடைகளுக்கு அந்தக் கருவியை அரசே கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அதுவரை, அரசின் ரஹ்மா மலிவு விற்பனை வேனையாவது தோட்ட வாசலுக்கு அனுப்புங்கள். சம்பளம் போட்ட மறுநாள் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்