ஓட்டு வீட்டில் சிமெண்டு அப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி மழைக்கு முன் நெல்லைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைச் செப்பனிடுவோர் கவனிக்க வேண்டும். ஒழுகும் இடத்தில் சிமெண்டு அப்பினால் வெயிலில் மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கும் தண்ணீர் காயாமல், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பர் உளுத்துப்போகும். உடைந்த சீமை ஓட்டை (மங்களூர் ஓடு) மட்டும் மாற்றினால் போதும். ரீப்பர் இடைவெளியை, கையிலுள்ள ஓடு ஒன்றை வைத்தே அளந்து ஆணியடியுங்கள். கூடினால் சாரல் உள்ளே வரும். குறைந்தால் ஓடு தூக்கி நிற்கும்.

சுண்ணாம்புச் சுவருக்கும் சிமெண்டுப் பூச்சு ஆகாது. ஈரம் வெளியேற வழியின்றி, முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக உதிரும். நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து பூசுங்கள். ஆடிக்காற்றில் கூரை ஏறாதீர்கள், புரட்டாசியே தோது.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை