திருடிக்கு ஒரு முன்கதை

அன்புள்ள வேணி,

கடிதமும் உன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களும் கிடைத்தன. பெண் நன்றாக உருவாகி வருகிறாள். ஆனால் அவள் செய்யும் ஒவ்வொரு தப்புக்கும் முன்கூட்டியே மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறாய். பேட்மேன் காமிக்ஸில் வரும் திருடி கேட்வுமனுக்கும் இதே கோளாறு நேர்ந்தது.

1940இல் பேட்மேன் முதல் இதழில் வந்தபோது அவள் வெறும் நகைத் திருடி, முன்கதையே கிடையாது. 1950இல் 62ஆம் இதழில் ஒன்று தந்தார்கள்: விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள், விபத்தில் பழைய நினைவுகளை இழந்து திருடியானாளாம். அப்படியானால் திருடியது அவளே இல்லை என்றாகிவிடுகிறதே! 1983இல் அவள் வாயாலேயே அதைப் பொய் என்று சொல்லவைத்தார்கள். உண்மைக் கதை வேறாம்: கொடுமைக்காரக் கணவனின் பெட்டகத்தை உடைத்துத் தன் நகைகளை எடுத்தவள், அந்த வேலை பிடித்துப்போய்த் தொடர்ந்தாள். அந்தப் 'பிடித்துப்போய்'தான் அவளுடைய உயிர்நாடி.

சாரா ஜே. மாஸ் அவளை வைத்து 2018இல் எழுதிய இளையோர் நாவலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பதினேழு வயது செலினா (கேட்வுமனின் இயற்பெயர்), சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோயுள்ள தங்கை மேகிக்காகக் கள்ளச் சண்டைக் களத்தில் இறங்குகிறாள். தொடக்கம் அருமை, மருத்துவச் செலவு என்ற ஒன்றே போதும், வேறு விளக்கம் வேண்டாம். பேட்மேனை ஊரில் இல்லாமல் செய்ததும் கெட்டிக்காரத்தனம். அவன் இருந்தால் வாசகர் கண் அவன் பக்கம் போய்விடும். அவனுக்குப் பதில் லூக் ஃபாக்ஸ் என்ற இன்னொரு முகமூடி வீரன்; அவனும் இளைஞன், தடுமாறுகிறவன். எனக்குள்ள குறை, கடைசியில் எல்லாம் தங்கைப் பாசத்திலேயே போய் முடிவதுதான். அவளுக்கென்று ஒரு ஆசை மிஞ்சவில்லை.

உன் கதைக்கு வருகிறேன். முதல் திருட்டு தேவையால் நடக்கட்டும். இரண்டாவதற்குத் தேவை இருக்கக் கூடாது. அதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் ஒரு ஏழையாவது நஷ்டப்பட வேண்டும். அவள் அதைப் பார்த்துவிட்டும் நகையைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கட்டும். பூட்டைத் திறக்கும் இடத்தில் 'லாவகமாகத் திறந்தாள்' என்று எழுதியிருக்கிறாய். கை எங்கே வழுக்கியது, எத்தனை நிமிடம் பிடித்தது, எந்தச் சத்தத்துக்கு நின்றாள் என்று எழுது. திறமை அப்போதுதான் நம்பும்படி இருக்கும். சிறுவயதுக் கொடுமைகளை இரண்டாம் அத்தியாயத்தில் மொத்தமாகக் கொட்டாதே. ஒரு வடு, ஒரு பெயர் போதும். மீதி பாதிக் கதைக்குப் பிறகு.

இரவுக் காவலர் வரும் பக்கத்தை மட்டும் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும். திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
சுமதி