ஒரு மைக்கில் இரண்டு பேர்

நாஷ்வில்
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? சியாட்டிலில் மழை ஆரம்பித்திருக்கும். போன வருஷம் வாங்கிய நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போ. தலை நனைந்தால் உனக்கு உடனே சளி நெஞ்சில் இறங்கிவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

போனில் பேசினால் "ம்", "சரிம்மா", "வைக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க மறந்திருக்காது. அப்பாவும் நானும் ஞாயிறுதோறும் உங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது வீண் போகாது.

போன வாரம் கோபியிலிருந்து பெரியம்மா வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல அப்பா அவர்களைக் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கூட்டிப்போனார். பெரியப்பாவுக்கு உன் பதவி உயர்வைப் பற்றிச் சொன்னேன். அந்தப் போட்டோவையும் காட்டினேன். "சின்னவன் இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டானா" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆனால் அந்தச் செய்தி எனக்கே உன் சிநேகிதன் அம்மா மூலமாகத்தான் வந்தது, ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த வட்டக் கூடத்தில் வெண்கலப் பலகைகள் இருக்குமே, அங்கே எவர்லி பிரதர்ஸ் பலகை முன்னால் அப்பா நின்றுவிட்டார். டான், ஃபில் என்று சேர்ந்து பாடிய அண்ணன் தம்பி அவர்கள். எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

அப்பாவின் அந்த எல்.பி. ரெக்கார்டு, நீங்கள் தொடவே கூடாது என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பாரே, அது அவர்களுடையதுதான். இத்தனை வருஷம் ஏதோ பாட்டு என்று நினைத்துக்கொண்டு நான் சமையல் வேலையைப் பார்த்திருக்கிறேன். இப்போது ராத்திரி தூக்கம் வராமல் அவர் போட்டுக் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1958-ல் வந்த ரெக்கார்டு. அப்போது டானுக்கு இருபத்தொரு வயசு, ஃபில்லுக்குப் பத்தொன்பது. முந்தின வருஷம்தான் 'பை பை லவ்' வந்து நாடு முழுக்க ஒலித்திருக்கிறது. பல பேர் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு அது. இங்கே நாஷ்வில்லில் இருந்த பிரையன்ட் என்ற கணவனும் மனைவியும் எழுதியது. அவ்வளவு பேரும் புகழும் வந்த நேரத்தில் அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த பழைய பாட்டுகளை மட்டும் பாடி ஒரு முழு ரெக்கார்டு போட்டார்கள். பேரே 'எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டுகள்' என்ற அர்த்தத்தில்தான். கிதாரும் ஒரு பெரிய பேஸும் தவிர வேறு வாத்தியம் இல்லை. பெற்றவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த அப்பாவின் பேர் ஐக். கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை விட்டுவிட்டுக் கிதாரோடு சிகாகோ போனார். பிறகு அயோவாவில் ஷெனன்டோவா என்ற சின்ன ஊரில் ரேடியோவில் பாடினார். அம்மா மார்கரெட்டும் பாடுவாள். பையன்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் ரேடியோவில் பாடிவிட்டு அப்புறம் பள்ளிக்கூடம் போவார்களாம். அயோவாக் குளிரில் அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்து பிள்ளைகளை எழுப்பியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். உங்களைச் சனிக்கிழமை பாட்டு வகுப்புக்கு எழுப்ப நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ரேடியோவில் நேரடிப் பாட்டு குறைந்ததும் அந்தக் குடும்பத்துக்கு வேலை போய்விட்டது. ஐக் முடிவெட்டப் போனார். பையன்கள் இங்கே நாஷ்வில்லுக்கு வந்து கதவு கதவாகத் தட்டினார்கள். செட் அட்கின்ஸ் என்ற பெரிய கிதார்காரர்தான் கைகொடுத்தவர்.

மெட்டைக் கீழே டான் பிடித்துக்கொள்வார், மேலே ஃபில். அண்ணன் மூச்சு விடும் இடத்தில் தம்பியும் விடுவார். எந்தக் குரல் யாருடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இங்கே இதைப் பிளட் ஹார்மனி என்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது வருமாம்.

அட்லாண்டா போகும்போது மான்ட்ஈகிள் மலை ஏறுகையில் காது அடைக்கும் என்று நீங்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் பாட ஆரம்பிப்பீர்கள். அண்ணன் கீழே, நீ மேலே. உனக்கு ஏழு வயசு இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா கண்ணாடியில் உங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார், நான் "ரோட்டைப் பாருங்க" என்பேன்.

குளிர்காலத்தில் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. வெளியில் வாங்கியே சாப்பிடாதே.

1960-ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு மாறியபோது பத்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்று பேச்சு. 'கேத்திஸ் கிளவுன்' அப்போது வந்ததுதான். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் பையன்கள் இவர்களைக் கேட்டுத்தான் சேர்ந்து பாடப் பழகினார்கள் என்று அப்பா சொல்வார். அடுத்த வருஷமே மேனேஜரோடு தகராறு, அதனால் அந்தப் பிரையன்ட் தம்பதியின் பாட்டும் கைவிட்டுப் போனது. அது போனாலும் போகட்டும். எனக்கு மனசைப் பிசைவது 1973-தான்.

அந்த ஜூலையில் கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெரி ஃபார்ம் என்ற இடத்தில் கச்சேரி. டான் குடித்துவிட்டு வந்து மேடையில் தடுமாறினார். ஃபில் கிதாரை அடித்து உடைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை டான் தனியாகப் பாடி முடித்தார். அவ்வளவுதான். அப்புறம் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டது ஐக்கின் சாவில், 1975-ல்.

வேலையில் உன் மேலதிகாரி இப்போது பரவாயில்லையா? கோபம் வந்தால் உடனே மெயில் அனுப்பாதே. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து அனுப்பு. எதையும் ஒரு ராத்திரி வைத்திருந்து பேசு.

அவர்கள் மறுபடி சேர்ந்தார்கள். 1983 செப்டம்பரில் லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று பாடினார்கள். அப்பா அந்த வீடியோவை எனக்குக் காட்டினார். பத்து வருஷம் பேசாதவர்கள் என்று சொல்லவே முடியாது, குரல் அப்படியே போய்ப் பொருந்துகிறது. ஆனால் அதைப் பார்க்க ஐக் இல்லையே. அதைத்தான் நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு மாத்திரை போடப் போய்விட்டார்.

2014-ல் ஃபில் இறந்துபோனார். பேசாமல் இருந்த நாளிலும் தம்பியைத் தினமும் நினைத்ததாக டான் அப்போது சொல்லியிருக்கிறார். தினமும் நினைத்தவருக்குப் போனை எடுக்க என்ன தடை? எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிகிறது. அதற்கப்புறமும் விட்டதா? 'கேத்திஸ் கிளவுன்' பாட்டை யார் எழுதியது என்று 2017-ல் டானும் ஃபில்லின் குடும்பமும் இங்கே நாஷ்வில் கோர்ட்டில் நின்றார்கள். சேர்ந்து பாடிய பாட்டுக்கு வக்கீல் வைத்துப் பங்கு பிரிப்பது என்றால்! தோட்டம் எங்கேயும் ஓடிப் போகாது கண்ணு. கிணறும் தென்னையும் அங்கேயேதான் இருக்கும். நாலு வருஷம் முன்னால் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

லூவின் பிரதர்ஸ் என்று இன்னொரு அண்ணன் தம்பி. அலபாமாவில் பருத்திக்காட்டுப் பிள்ளைகள். அண்ணன் ஐராவுக்குக் குடி, கோபம். சுருதி சேரவில்லை என்றால் மேண்டலினையே உடைப்பாராம். தம்பி சார்லி தாங்கித் தாங்கிப் பார்த்து 1963-ல் பிரிந்துவிட்டார். தம்பி மேல் தப்பு இல்லை, நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டே வருஷத்தில், 1965 ஜூனில், மிசௌரியில் கார் விபத்தில் ஐரா போய்விட்டார். நாற்பத்தொரு வயசு. சமாதானம் ஆக நேரம் இருக்கிறது என்றுதான் சார்லியும் நினைத்திருப்பார்.

சார்லி 2011 வரை இருந்தார், கடைசி வரைக்கும் பாடினார். அவரே சொன்னதை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே மைக்கில் பாடுவார்களாம். அதனால் சேர்ந்து பாடும் வரி வந்தால் சார்லி இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்து அண்ணனுக்கு இடம் விடுவார். அண்ணன் செத்து எத்தனையோ வருஷம் கழித்தும், தனியாகப் பாடும்போது, அந்த வரி வந்தால் கால் தானாக இடது பக்கம் நகர்கிறதாம். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும்.

அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

நாலு வருஷம் முன்னால் ஆடி மாசம் தோட்டத்து விஷயமாக நீ என்னிடம் போனில் கத்தினாய். "அண்ணன் பத்து வருஷமா அங்கே காலே வைக்கல, அவனுக்கு என்ன தெரியும்" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. மறுநாள் அண்ணன் வந்தான். அரிசிம்பருப்பு சாதம் வைத்து நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். "தம்பி என்னம்மா சொன்னான்" என்று கேட்டான். சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் அண்ணன் தம்பிச் சண்டையாகப் போயிருக்கும். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுறான்னு சொல்றான்" என்றும் சொன்னேன்.

அதை நீ சொல்லவில்லை. அது என் மனசில் கிடந்த பேச்சு. என் வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் நீ சொன்னதாகச் சொன்னேன். அவன் சாதத்தைப் பிசைந்தவன் அப்படியே கையை எடுத்துவிட்டான். நெய் தட்டில் உறைந்துபோகும் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஏன் உன் பிறந்த நாளுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினாள், அண்ணன் ஏன் போனை எடுக்கவில்லை என்று இரண்டு தடவை நீ என்னைக் கேட்டாய். இரண்டு தடவையும் "தெரியலையே கண்ணு" என்றேன். தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னைக் கோபக்காரன் என்று பெரியம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதையும் பொறுத்துக்கொள்.

நேற்று ராத்திரி அண்ணன் வந்தபோது சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றான். போகும்போது "அவன் நம்பர் அதேதானா" என்று கேட்டான். அதேதான் என்றேன். அவன் கூப்பிடுவானா என்று எனக்குத் தெரியாது. நீ காத்திருக்காதே. செவ்வாய், வியாழன் சாயங்காலம் அவன் வீட்டில்தான் இருப்பான். அண்ணியிடம் நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதை அவன் வாயால் சொல்லவிடக் கூடாது. இந்த வாரம் போகிறேன்.

இன்னொன்று. அப்பா சொல்லாதே என்றார், சொல்லிவிடுகிறேன். 15-ம் தேதி அவருக்கு நெஞ்சில் பைபாஸ். மூன்று இடத்தில் அடைப்பு என்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறார்கள். லீவு கிடைக்கிறதா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார், உனக்கே தெரியும். வேலைதான் முக்கியம் என்று சொல்வார், நம்பாதே.

பருப்புப் பொடியும் நெய்யும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நெய்யை ஃபிரிட்ஜில் வைக்காதே. கோட்டைப் போட்டுக்கொள்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு அவரை உள்ளே கூட்டிப்போவார்கள். வெளியே நாற்காலி வரிசையில் அண்ணன் என் வலப்பக்கம் உட்காருவான். இடப்பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா